பறிப்பவரே செலவழிக்கும் பணம்: அமெரிக்கக் காங்கிரஸின் நீதித்துறைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரதிநிதிகள் சபை, செனட் ஆகிய இரு அவைகளின் நீதித்துறைக் குழு உறுப்பினர்களுக்கு,

2023 ஜூனில் பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் குழு ஒரு மசோதாவை 26க்கு 0 என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டது. சிவில் பறிமுதலைச் சீர்திருத்தும் ஃபேர் மசோதா அது. இரு கட்சியினரும் ஒரே பக்கம் நின்று வாக்களிப்பது அந்தக் குழுவில் எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்கே தெரியும். அப்படியிருந்தும் அது முழு அவையின் வாக்கெடுப்புக்கு வரவே இல்லை. 2025 ஜனவரி 3ஆம் தேதி அந்தக் காங்கிரஸின் காலம் முடிந்தது. மசோதாவும் அதோடு காலாவதியானது. 2014இல் முதன்முதலாக அறிமுகமான நாளிலிருந்து இதேதான் நடக்கிறது. தவறு என்று நீங்களே ஒப்புக்கொண்ட ஒன்றைத் திருத்தாமல் விட்டிருக்கிறீர்கள். அதைக் கேட்கத்தான் இந்த மடல். உங்கள் தொகுதிகளில் வாழும் தமிழ் வாக்காளர்களும், சிறு கடை நடத்துபவர்களும், புதிதாக வந்து குடியேறியவர்களும் படித்து விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதால் தமிழில் எழுதுகிறோம்.

சிவில் பறிமுதலில் ஒருவர் மீது குற்றச்சாட்டு இருக்க வேண்டியதில்லை, கைதும் தேவையில்லை, தண்டனையும் தேவையில்லை. ஆனாலும் அவர் பையில் இருந்த பணம் அரசுடையது ஆகிவிடும். வழக்கு ஆள்மீது அல்ல, பொருள்மீது தொடுக்கப்படுகிறது. அதனால்தான் வழக்குகளுக்கு ‘ஐக்கிய அமெரிக்கா எதிர் 1,24,700 டாலர்’ என்றெல்லாம் பெயர் இருக்கிறது. அந்த வழக்கில் நெப்ராஸ்கா நெடுஞ்சாலையில் வேகமாகப் போனதற்காக ஒரு வாடகைக் காரை நிறுத்தினார்கள். உள்ளே ஒரு குளிர்பெட்டியில் அலுமினியத் தாள் சுற்றிய பணம் இருந்தது. போதைப்பொருள் ஏதும் கிடைக்கவில்லை. குளிர்சாதன லாரி ஒன்று வாங்குவதற்காகச் சிலர் சேர்ந்து போட்ட பணம் என்று உரியவர்கள் சொன்னார்கள். கீழ் நீதிமன்றம் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. 2006இல் எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, பணம் அரசுக்கே என்றது.

உள்நாட்டில் ரொக்கம் எடுத்துப் போவது அமெரிக்காவில் குற்றம் அல்ல. எவ்வளவு என்று யாரிடமும் அறிவிக்க வேண்டியதும் இல்லை. 10,000 டாலருக்கு மேல் எல்லை தாண்டிக் கொண்டுபோனாலோ கொண்டுவந்தாலோதான் கருவூலத்துறையின் ஃபின்சென் 105 படிவம் நிரப்ப வேண்டும். ஆனால் நெடுஞ்சாலையிலும் விமான நிலையத்திலும் நடைமுறை வேறு. கட்டுகளில் ரப்பர் பேண்ட் போட்டிருந்தால் அது சந்தேகத்துக்கு ஓர் ஆதாரமாகக் குறிக்கப்படுகிறது. மோப்ப நாய் குரைத்தால் அது இன்னொன்று. ஒருவழி டிக்கெட்டைக் கடைசி நேரத்தில் வாங்கியிருந்தால் அது மூன்றாவது. கடை வைத்திருப்பவர்கள் கல்லாப் பணத்தை வேறு எதைப் போட்டுக் கட்டுவார்கள்? உறவுக்காரரிடம் கைமாற்றாக வாங்கியது, சீட்டு எடுத்தது, நான்கு குடும்பம் சேர்ந்து ஒரு வியாபாரத்துக்குப் போட்டது என்று நம் மக்களிடம் புழங்கும் பணத்தில் ஒரு பகுதிக்கு எப்போதும் ரசீது இருப்பதில்லை. ரசீது இல்லாதது குற்றம் இல்லை. ஆனால் பறிமுதல் வழக்கில் அதுவே குற்றத்தின் நிழல் போல நடத்தப்படுகிறது.

பறித்த பிறகு நடப்பதைப் படிப்படியாகச் சொல்கிறோம். கோளாறு முழுவதும் இந்தப் படிகளில்தான் ஒளிந்திருக்கிறது.

2000ஆம் ஆண்டுச் சிவில் பறிமுதல் சீர்திருத்தச் சட்டப்படி, பறித்த 60 நாளுக்குள் ஃபெடரல் (மத்திய அரசு) முகமை உரியவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். உள்ளூர் போலீஸ் பறித்து ஃபெடரல் முகமையிடம் ஒப்படைத்திருந்தால் 90 நாள். முகமைக்குள்ளேயே ஒரு மேலதிகாரி இன்னும் 30 நாள் நீட்டித்துக்கொள்ளலாம். நோட்டீஸில் சொத்தின் எண், பறித்த தேதி, இடம், மதிப்பு, கடைசித் தேதி எல்லாம் இருக்கும். கடிதம் அனுப்பிய நாளிலிருந்து குறைந்தது 35 நாள் அவகாசம் உண்டு. இந்த இடத்தில் உரியவருக்கு இரண்டு வழிகள் காட்டப்படுகின்றன. ஒன்று உரிமைக் கோரிக்கை: ‘இது என் பணம், நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்கிறேன்’ என்பது. மற்றது தள்ளுபடி மனு: ‘பறித்தது பறித்ததுதான், தயவு பண்ணித் திருப்பிக் கொடுங்கள்’ என்பது. இரண்டாவது எளிதாகத் தெரிகிறது, மென்மையாகவும் இருக்கிறது. ஏராளமானோர் அதைத்தான் எடுக்கிறார்கள். அதைத் தீர்மானிப்பது நீதிபதி அல்ல, பறித்த தரப்புதான். உரிமைக் கோரிக்கை போடாமல் மனு மட்டும் போட்டவருடைய விவகாரம் நீதிமன்ற வாசலை மிதிப்பதே இல்லை.

உரிமைக் கோரிக்கை போடுபவருக்கும் குழிகள் உண்டு. கடைசித் தேதிக்குள் தபாலில் சேர்த்தால் போதாது. அன்றைக்குள் முகமையின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் தள்ளிவிடலாம். வக்கீல் மட்டும் கையெழுத்துப் போட்டால் செல்லாது. பொய் சொன்னால் தண்டனை என்ற உறுதிமொழியோடு உரியவரே கையெழுத்திட வேண்டும். பணம் அண்ணனுடையது, கொண்டுபோனவர் தம்பி என்றால் நோட்டீஸ் தம்பி பேருக்குத்தான் வரும். தம்பி ‘என் பணம்’ என்று எழுதினால் பொய், ‘என்னுடையதல்ல’ என்று எழுதினால் உரிமை போச்சு. அண்ணன் அரசின் பறிமுதல் இணையதளத்தில் 30 நாள் கிடக்கும் விளம்பரத்தைத் தேடிப் பிடித்துத் தானாகக் கோரிக்கை போட வேண்டும். அப்படி ஓர் இணையதளம் இருப்பதே எத்தனை பேருக்குத் தெரியும்?

யாருமே கோரிக்கை போடாவிட்டால், போட்டது பிந்திவிட்டால், முகமையே ஒரு தாளில் எழுதிப் பணத்தைத் தனதாக்கிக்கொள்கிறது. இதற்கு நிர்வாகப் பறிமுதல் என்று பெயர். வீடு, நிலத்தை இப்படி எடுக்க முடியாது. ரொக்கத்தை எவ்வளவு என்ற வரம்பே இல்லாமல் எடுக்கலாம். நீதித்துறை அமைச்சகத்தின் தலைமை ஆய்வாளர் 2017 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையைப் படித்திருப்பீர்கள். 2007 நிதியாண்டிலிருந்து டி.இ.ஏ. எனப்படும் போதைப்பொருள் தடுப்பு முகமை பறித்த ரொக்கம் 415 கோடி டாலர். அதில் சுமார் 320 கோடி டாலர் நிர்வாகப் பறிமுதலாகவே முடிந்தது. ஆய்வாளர் மாதிரிக்கு எடுத்த 100 ரொக்கப் பறிப்புகளில், ஏதாவது ஒரு குற்றப் புலனாய்வோடு தொடர்புண்டு என்று முகமையால் உறுதிசெய்ய முடிந்தது 44 மட்டும்.

கோரிக்கை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் 90 நாளுக்குள் அரசு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டும், இல்லையேல் திருப்பிக் கொடுக்க வேண்டும். 60, 35, 90. நீட்டிப்பு ஏதுமில்லாமலே கூட்டினால் 185 நாள். முதல் தடவையாக ஒரு நீதிபதியின் மேசைக்குக் கோப்பு போகும் முன்பே அரை வருடம் ஓடிவிடலாம். அதற்குப் பிறகு நீதிமன்றத்தில் இன்னொரு கோரிக்கை, அதிலிருந்து 21 நாளுக்குள் பதில் மனு, பணம் எங்கிருந்து வந்தது என்று அரசு அனுப்பும் கேள்வித்தாள், அதற்கும் 21 நாள். குற்ற வழக்கில் ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டிய அரசு, இங்கே தராசு இம்மியளவு தன் பக்கம் சாய்ந்தாலே ஜெயித்துவிடும். ‘என் காரை வேறொருவர் தவறாகப் பயன்படுத்தினார், எனக்குத் தெரியாது’ என்பவர் தனக்குத் தெரியாது என்பதைத் தானே நிரூபிக்க வேண்டும். தெரியாத ஒன்றை ஒருவர் எதைக் காட்டி நிரூபிப்பார்? வக்கீலை அரசு தருவதில்லை. குடியிருக்கும் வீடு போகும் நிலை வந்தால்தான் ஏழைக்கு ஒரு வக்கீல் கிடைக்கும். வென்றால் வக்கீல் கட்டணம் கிடைக்கும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் அரசு பணத்தைத் திருப்பிக் கொடுத்து வழக்கை வாபஸ் வாங்கினால், ‘நீங்கள் வெல்லவில்லையே’ என்று பல நீதிமன்றங்கள் கட்டணத்தை மறுத்திருக்கின்றன.

பறிமுதலை எதிர்த்து வழக்காடும் சட்ட அமைப்பான இன்ஸ்டிட்யூட் ஃபார் ஜஸ்டிஸ் 2020இல் திரட்டிய கணக்கில், விவரம் கிடைத்த 21 மாநிலங்களில் ரொக்கப் பறிமுதலின் நடு மதிப்பு 1,276 டாலர். கடத்தல் முதலாளியின் பணம் இந்த அளவில் இருக்காது. 1,276 டாலரை மீட்க எந்த வக்கீலை அமர்த்தினாலும் கட்டணம் அதைத் தாண்டிவிடும். எனவே போராடாமல் விடுவதுதான் கணக்குக்குச் சரியாக வருகிறது. பெரும்பாலானோர் போராடவில்லை என்பதைக் காட்டி, ‘குற்றப் பணம் என்பதால்தான் யாரும் கேட்க வரவில்லை’ என்று பறிமுதலை ஆதரிப்பவர்கள் உங்கள் குழுக்களிடம் வந்து சொல்கிறார்கள். தயவுசெய்து அந்த வாதத்தை ஏற்காதீர்கள்.

இனி அரசமைப்புக்கு வருவோம். இந்த நாட்டை நிறுவியவர்களுக்குப் பறிமுதல் நன்றாகவே தெரியும். 1761இல் பாஸ்டனில் வக்கீல் ஜேம்ஸ் ஓடிஸ் வாதாடியது, சுங்க அதிகாரிகள் எந்த வீட்டையும் எந்தக் கிடங்கையும் சோதிக்கலாம் என்ற பொதுப்படையான ஆணைகளை எதிர்த்து. 1768இல் வணிகர் ஜான் ஹான்காக்கின் ‘லிபர்ட்டி’ கப்பலை அரசு பறித்தது. பறிமுதல் வழக்குகள் போனது ஜூரி இல்லாத கடற்படை நீதிமன்றங்களுக்கு. பறித்ததில் மூன்றில் ஒரு பங்கு மன்னருக்கு, ஒரு பங்கு கவர்னருக்கு, ஒரு பங்கு பிடித்துக் கொடுத்தவருக்கு. 1776இன் சுதந்திரப் பிரகடனத்தில் ஜூரி விசாரணையைப் பறித்தது பற்றியும், மக்களின் உடைமையைத் தின்ன வந்த அதிகாரிகளின் கூட்டம் பற்றியும் இருக்கும் குற்றச்சாட்டுகளுக்குப் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது. அரசமைப்பின் நான்காவது திருத்தம் காரணமற்ற சோதனையையும் பறிப்பையும் தடுக்கிறது. ஐந்தாவது, உரிய சட்ட நடைமுறை இல்லாமல் சொத்தை எடுக்கக் கூடாது என்கிறது. எட்டாவது, மிகையான அபராதம் கூடாது என்கிறது. 1791 டிசம்பர் 15இல் உறுதியான இவை மூன்றும் ஒரே காயத்துக்குப் போட்ட தையல்கள்.

எங்கள் வாதத்துக்கு எதிராக இருக்கும் ஒரு வரலாற்று உண்மையையும் மறைக்க மாட்டோம். 1789இல் முதல் காங்கிரஸே சுங்கப் பறிமுதலுக்குச் சட்டம் செய்தது. அதிகாரிகளுக்குப் பங்கும் வைத்தது. ஆனால் அன்றைய நிலை வேறு. கப்பல் துறைமுகத்தில் நிற்கும், முதலாளி லண்டனிலோ லிஸ்பனிலோ இருப்பார். ஆளைப் பிடிக்க வழியில்லாததால் கப்பலைப் பிடித்தார்கள். அரசின் வருமானத்தில் பெரும்பகுதி சுங்கத்திலிருந்து வந்த காலம் அது. அப்படியும் மறு ஆண்டே, வேண்டுமென்று ஏமாற்றாதவருக்குப் பறிமுதலைத் தள்ளுபடி செய்ய 1790இல் வழிசெய்தார்கள். அதில் உண்மைகளைத் திரட்டித் தருவது நீதிபதியின் வேலையாக இருந்தது. இன்றைக்கு உரியவர் லண்டனில் இல்லை. சாலையோரத்தில், ஓட்டுநர் உரிமத்தை நீட்டியபடி, அதிகாரியின் எதிரிலேயே நிற்கிறார். குற்றம் செய்தார் என்றால் அவர்மீதே வழக்குப் போடலாம்.

இவ்வளவும் சொன்னாலும், வேர் வேறு இடத்தில் இருக்கிறது என்பது எங்கள் முடிவு. 1970ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் 1978இல் பறிக்கக்கூடியவற்றில் பணத்தையும் சேர்த்தீர்கள். 1984இல் நீதித்துறை அமைச்சகத்துக்கென்று சொத்துப் பறிமுதல் நிதியத்தை உண்டாக்கினீர்கள். அதுவரை பறித்த பணம் கருவூலத்தின் பொது நிதிக்குப் போய்க்கொண்டிருந்தது. அன்றிலிருந்து பறிப்பவர்களின் செலவுக்கே திரும்பி வருகிறது. அதே சட்டம் மாநில, உள்ளூர் போலீஸுக்கும் பங்கு கொடுத்தது. ஃபெடரல் முகமையோடு சேர்ந்து பறித்தால், அல்லது பறித்ததை ஃபெடரல் முகமை ‘தத்தெடுத்தால்’, அதாவது தன் வழக்காக ஏற்றுக்கொண்டால், 80 விழுக்காடு வரை திரும்பக் கிடைக்கும்.

அரசமைப்பின் முதல் பிரிவு, ஒன்பதாம் உட்பிரிவைப் பாருங்கள்: சட்டத்தால் ஒதுக்கப்பட்டாலன்றிக் கருவூலத்திலிருந்து பணம் எடுக்கக் கூடாது. நிர்வாகத்தின் கையைக் கட்டுவதற்கு அரசமைப்பை வரைந்த மேடிசன் முதலானோர் நம்பியது இந்தப் பணப்பையின் கயிற்றைத்தான். ஒரு முகமை தவறு செய்தால் அடுத்த ஆண்டு அதன் ஒதுக்கீட்டைக் குறைப்பீர்கள். அந்தப் பயம் அதை ஒழுங்காக வைத்திருக்கும். தான் பறித்ததில் தானே வாழும் முகமைக்கு அந்தப் பயம் ஏது? நிதியத்தை நீங்களே சட்டம் போட்டு அமைத்ததால் வாசகத்துக்கு அது பொருந்தலாம். ஆனால் கயிறு உங்கள் கையைவிட்டு நழுவியது உண்மை. வரம்புக்குட்பட்ட அரசு என்பது நல்ல மனிதர்களை நம்பி எழுப்பிய கட்டடம் அல்ல. நல்லவர்கள் கூடத் தங்கள் துறையின் நலனுக்குச் சாய்வார்கள் என்று தெரிந்து எழுப்பியது. அந்தச் சாய்வுக்கே கூலி கொடுக்கும் ஏற்பாட்டை நீங்கள் செய்திருக்கிறீர்கள். வேலியே பயிரை மேய்கிறது என்றால், வேலிக்குப் பசி மூட்டியது இந்த 1984ஆம் ஆண்டுச் சட்டம்.

என்ன விளைந்தது என்பதற்கு 2024 நவம்பர் சாட்சி. விமானக் கம்பெனி ஊழியர் ஒருவர் பயணிகளின் விவரங்களை டி.இ.ஏ.வுக்குச் சொல்லிவந்தார் என்றும், பறிமுதலான பணத்தில் அவருக்கு விழுக்காட்டுக் கணக்கில் பங்கு போனது என்றும் தலைமை ஆய்வாளர் எழுதினார். 250 ஆண்டுக்கு முன்பு பாஸ்டன் துறைமுகத்தில் நடந்தது இதேதான். அந்த மாதமே நீதித்துறை அமைச்சகம் இத்தகைய விமான நிலையச் சோதனைகளை நிறுத்திவைத்தது. ஓர் உத்தரவால் நின்றது இன்னோர் உத்தரவால் தொடங்கும். தத்தெடுப்பின் கதை தெரியும்தானே? 2015 ஜனவரியில் ஒரு அட்டர்னி ஜெனரல் பெரும்பாலும் நிறுத்தினார். 2017 ஜூலையில் பின்னால் வந்த இன்னொருவர் திரும்பத் திறந்தார்.

மாநிலங்கள் தாங்களாகத் திருந்தினாலும் உங்கள் சட்டம் அவர்களைத் திருந்த விடுவதில்லை. நியூ மெக்சிகோ 2015இல், நெப்ராஸ்கா 2016இல், மெய்ன் 2021இல் சிவில் பறிமுதலை ஒழித்தன. வட கரோலினாவில் குற்றத்தீர்ப்பு இல்லாமல் பெரும்பாலும் பறிக்க முடியாது. பறித்ததும் அம்மாநில அரசமைப்பின்படி பள்ளிக்கூடங்களுக்குப் போக வேண்டும். ஆனால் அங்குள்ள போலீஸ் பணத்தை ஃபெடரல் முகமையிடம் கொடுத்தால் பள்ளிக்கு ஒன்றும் கிடையாது, 80 விழுக்காடு வரை போலீஸுக்கே. மாநில மக்கள் போட்ட சட்டத்தை வாஷிங்டன் வழியாகச் சுற்றிக்கொண்டு போக நீங்கள் ஒரு பாதை வெட்டி வைத்திருக்கிறீர்கள். கூட்டாட்சிக்கு இதைவிட நேரடியான இடையூறு எது?

நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்கவும் வழியில்லை. 1998இல் பஜாகாஜியன் வழக்கில், அறிவிக்காமல் எடுத்துப் போன 3,57,144 டாலரை முழுதும் பறிப்பது மிகை என்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று சொன்னது. 2019இல் டிம்ஸ் வழக்கில், மிகை அபராதத் தடை மாநிலங்களையும் கட்டும் என்று ஒருமனதாகச் சொன்னது. நல்ல தீர்ப்புகள். ஆனால் 2024 மே மாதம் கல்லி எதிர் மார்ஷல் வழக்கில், காரைப் பறிகொடுத்த நிரபராதிகளுக்கு முன்கூட்டியே ஒரு தனி விசாரணை தர வேண்டியதில்லை என்று 6க்கு 3 தீர்ப்பு வந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்பைச் சட்டத்தால் தருவதற்கு அந்தத் தீர்ப்பு தடையில்லை. அந்த வேலை உங்களுடையது.

உங்களால் முடியும் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. வங்கி அரசுக்கு அறிவிப்பதைத் தவிர்க்க 10,000 டாலருக்குக் குறைவாகப் பிரித்துப் பிரித்து வங்கியில் போட்டார்கள் என்று சிறு கடைக்காரர்களின் கணக்குகளை வருமான வரித்துறை காலிசெய்துகொண்டிருந்தது. 2017இல் கருவூலத்தின் வரி நிர்வாகத் தலைமை ஆய்வாளர் ஆராய்ந்த 278 வழக்குகளில் 91 விழுக்காட்டில் பணம் நேர்மையாகச் சம்பாதித்தது என்று தெரிந்தது. 2019இல் சட்டம் போட்டு, பணமே சட்டவிரோத மூலத்திலிருந்து வந்திருந்தாலோ, வேறொரு குற்றத்தை மறைக்க அப்படிப் பிரித்துப் போட்டிருந்தாலோ ஒழியப் பறிக்கக் கூடாது என்றீர்கள். 30 நாளுக்குள் நீதிமன்ற விசாரணை கேட்கும் உரிமையும் தந்தீர்கள். அந்தப் பாதுகாப்பு வருமான வரித்துறைக்கு மட்டும்தான். மற்ற முகமைகளுக்கு ஏன் இல்லை?

ஆகவே நாங்கள் கேட்பது இவை.

எல்லாவற்றுக்கும் முன்னால், பறிமுதல் பணம் முழுவதையும் கருவூலத்தின் பொது நிதிக்குத் திருப்புங்கள். முகமைகளுக்குப் பணம் போதாது என்றால் அவை ஒதுக்கீட்டுக் குழுவிடம் வந்து கணக்குக் காட்டிக் கேட்கட்டும். மசோதாவில் பேரம் பேசி எதை விட்டுக்கொடுத்தாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள். மற்றவை எல்லாம் வந்து இது வராவிட்டால், பத்தாண்டில் வேறு ஒரு வழியில் பழையபடி ஆகிவிடும்.

80 விழுக்காட்டுப் பங்கீட்டையும் தத்தெடுப்பையும் சட்டத்திலிருந்து நீக்குங்கள். நிர்வாகப் பறிமுதலை முடித்துவையுங்கள். ஒரு டாலரானாலும் நீதிபதி கையெழுத்து இல்லாமல் அரசுக்குப் போகக் கூடாது. யாரும் கேட்க வராத பணமானாலும் அதே விதிதான். தெளிவான, மனம் ஏற்கும்படியான சான்று இருந்தால்தான் பறிமுதல் என்று ஆக்குங்கள். உரியவருக்குத் தெரிந்தே நடந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பை அரசின் தலையில் வையுங்கள். வசதியில்லாதவருக்கு எல்லாச் சொத்துக்கும் வக்கீல் கொடுங்கள். வழக்கின் நடுவில் அரசு பணத்தைத் திருப்பித் தந்தாலும் வக்கீல் கட்டணத்தை அது ஏற்க வேண்டும் என்று எழுதுங்கள்.

மசோதா நிறைவேறும்வரை செய்யக்கூடியவையும் உண்டு. குற்றச்சாட்டே பதிவாகாத பறிமுதல்கள் எத்தனை, எவ்வளவு என்று ஒவ்வொரு முகமையும் ஆண்டுதோறும் தனியாக வெளியிடும்படி உங்கள் குழுவின் பெயரில் கேளுங்கள். நோட்டீஸின் முதல் பக்கத்திலேயே, ‘மனு மட்டும் போட்டால் நீதிமன்றத்துக்குப் போகும் உரிமை போய்விடும்’ என்று பெரிய எழுத்தில் அச்சிடச் சொல்லுங்கள்.

செனட் குழு இந்த மசோதாவுக்கு ஒரு விசாரணைத் தேதி குறிக்க வேண்டும். பிரதிநிதிகள் சபைக் குழு 26க்கு 0 என்று முன்பு சொன்னதை மறுபடியும் சொல்லி, இந்தக் கூட்டத்தொடர் முடிவதற்குள் முழு அவைக்கு அனுப்ப வேண்டும். அங்கே குரல் வாக்கெடுப்பு போதாது. ஒவ்வோர் உறுப்பினர் பெயரையும் அழைத்து, யார் எந்தப் பக்கம் என்று பதிவாகும்படி வாக்கெடுப்பு நடத்துங்கள்.